யூஆர்எல் ரீரைட்டும் காணாமல் போன பக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து வருகின்றன. ஒன்று, முகவரிகளை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் யூஆர்எல் ரீரைட். இன்னொன்று, கேட்ட பக்கம் இல்லாதபோது சர்வர் என்ன சொல்ல வேண்டும் என்பது. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. ரீரைட் ரூல் கொஞ்சம் இறுக்கமாகிவிட்டால் இருக்கிற பக்கத்துக்கும் 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பதில் எண், வருகிறது. ரூல் கொஞ்சம் தாராளமாகிவிட்டால் வர வேண்டிய 404 வராமல் போகிறது. ஒரே கதவுக்கு இரண்டு பக்கம், அவ்வளவுதான்.

சொந்தமாகவோ பிறருக்காகவோ ஒரு இணையதளத்தைப் பராமரிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சர்வர் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்த அனுபவம் கொஞ்சம் இருந்தால் போதும்.

ரீரைட், ரீடைரக்ட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ரீரைட் சர்வருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். பார்வையாளர் "/கட்டுரை/மழைநீர்-சேகரிப்பு" என்று கேட்கிறார். உள்ளே அது பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதிய ஏதோ ஒரு கோப்புக்கும் 125 என்ற கட்டுரை எண்ணுக்கும் போய்ச் சேர்கிறது. பிரவுசருக்கு இது எதுவும் தெரியாது. முகவரிப் பட்டையில் அவர் கேட்டதே அப்படியே நிற்கும்.

ரீடைரக்ட் என்றால் சர்வர் பிரவுசரிடம் "அது இங்கே இல்லை, அந்த முகவரியில் போய்க் கேள்" என்று சொல்லி அனுப்புவது. பிரவுசர் இரண்டாவது முறை கேட்கும், முகவரிப் பட்டை மாறும். இரண்டில் எது நடந்தது என்று சந்தேகம் வந்தால் பட்டையைப் பாருங்கள். எழுத்து மாறினால் ரீடைரக்ட்.

கட்டுரை எண்ணைக் கேள்விக்குறிக்குப் பின்னால் காட்டும் பழைய முகவரியே வேலை செய்கிறது. பிறகு எதற்கு ரீரைட்?

வேலை செய்கிறது என்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அழகான முகவரி வைத்தால் தேடுபொறி தூக்கி மேலே வைத்துவிடும் என்று சொல்பவர்களை நம்பி மாற்றாதீர்கள். தேடுபொறிகள் கேள்விக்குறி முகவரிகளையும் நன்றாகவே படிக்கின்றன.

உண்மையான பயன் வேறு. முகவரியில் ".பிஎச்பி" என்று இருந்தால், நாளைக்கு நீங்கள் வேறு புரோகிராம் மொழிக்கு மாறும்போது எல்லா முகவரியும் செத்துவிடும். உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் வெளியே தெரியாமல் இருந்தால், உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை வலியுறுத்தி எழுதிவிட்டார். நல்ல முகவரி மாறாது, மாறினால் அது யாரோ மாற்றியதால்தான் என்பது அவர் வாதம்.

அப்பாச்சி என்ற வெப் சர்வரில் இதை எப்படிச் செய்வது?

மாட்-ரீரைட் என்ற மாட்யூல் இருக்கிறது. 1996-ல் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதி, அடுத்த ஆண்டு அப்பாச்சி குழுவுக்குக் கொடுத்தது. இன்றைக்கும் பல தளங்களின் எச்டிஆக்செஸ் கோப்பில் (ஃபோல்டருக்குள் வைக்கும் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பு) இருப்பது ஒரே அச்சில் வார்த்த மூன்று வரிதான். அதைக் காப்பி அடித்து ஒட்டாதவர் இல்லை, நின்று படித்தவர்தான் குறைவு. ஒருமுறை படித்துவிடுவோம்.

முதல் வரி ஒரு நிபந்தனை: கேட்ட பெயரில் நிஜமான கோப்பு டிஸ்க்கில் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது வரியும் நிபந்தனைதான்: அந்தப் பெயரில் ஃபோல்டரும் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவது வரி ரூல்: இந்த இரண்டும் உண்மை என்றால், எது கேட்கப்பட்டிருந்தாலும் உங்கள் புரோகிராம் தொடங்கும் இண்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பு.

இப்படி எழுதுவதால் படங்கள், டிசைனுக்கான சிஎஸ்எஸ் கோப்புகள் எல்லாம் நேராகப் போய்விடும், மற்றதெல்லாம் உங்கள் புரோகிராமிடம் வரும். "எது கேட்கப்பட்டிருந்தாலும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். இனிமேல் அப்பாச்சி தானாக 404 சொல்லாது. "இப்படி ஒரு பக்கம் இல்லை" என்று சொல்லும் பொறுப்பு உங்கள் புரோகிராமுக்கு வந்துவிட்டது. இந்தப் பொறுப்பு கைமாறியது தெரியாமல் இருப்பதுதான் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு வேர்.

இன்னொரு இடறல்: எச்டிஆக்செஸ் கோப்புக்குள் ரூல் பார்க்கும் பாதையில் முதல் சாய்கோடு இருக்காது. அதே ரூலை சர்வரின் முதன்மை கான்ஃபிக்கில் எழுதினால் சாய்கோடு இருக்கும். ஓரிடத்தில் ஓடிய ரூலை இன்னோரிடத்தில் ஒட்டிவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதற்கு இந்த ஒரு சாய்கோடே காரணம்.

எச்டிஆக்செஸ் கோப்பில் எழுதினேன், எதுவுமே நடக்கவில்லை.

கோப்பை அப்பாச்சி படிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் முதல் வரியாக அர்த்தமில்லாத ஏதாவது ஒன்றைத் தட்டிச் சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறங்கள். 500 என்ற சர்வர் உள்பிழை வந்தால் படிக்கிறது, தவறு ரூலில்தான். ஒன்றுமே ஆகாமல் பக்கம் வழக்கம்போல வந்தால் கோப்பைச் சீண்டவே இல்லை என்று அர்த்தம். அப்பாச்சி 2.4-ல் அலவ்-ஓவர்ரைட் என்ற அமைப்பு இயல்பாகவே மூடியிருக்கும், சர்வர் கான்ஃபிக்கில் அதைத் திறந்துவிட வேண்டும். பார்த்த பிறகு அந்த அர்த்தமில்லாத வரியை நீக்க மறக்காதீர்கள். பரபரப்பான தளத்தில் இந்தச் சோதனையைப் பகலில் செய்யவும் வேண்டாம்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால்?

எச்டிஆக்செஸ் கோப்பை அது படிக்கவே படிக்காது. ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் உள்பக்கங்கள் எல்லாம் 404 ஆனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். இங்கே ட்ரை-ஃபைல்ஸ் என்ற ஒரு வரி போதும்: முதலில் கோப்பைத் தேடு, பிறகு ஃபோல்டரைத் தேடு, இரண்டும் இல்லையென்றால் இண்டெக்ஸுக்கு அனுப்பு. அப்பாச்சியின் மூன்று வரி செய்வதை இது ஒன்றே செய்துவிடும். கடைசியில் கேள்விக்குறியும், கேட்ட முகவரியில் அதற்குப் பின்னால் வந்ததைத் தாங்கும் ஆர்க்ஸ் மாறியும் சேர்க்காமல் விட்டால், தேடல் பெட்டியில் தட்டிய சொல் உங்கள் புரோகிராமுக்குப் போய்ச் சேராது.

ரீரைட் போட்டதும் பக்கம் வருகிறது, ஆனால் டிசைன் எல்லாம் கலைந்து கிடக்கிறது. ஏன்?

சிஎஸ்எஸ் லிங்க்கைச் சாய்கோடு இல்லாமல், பக்கத்தை ஒட்டிய பாதையாக எழுதியிருப்பீர்கள். "ஸ்டைல்" ஃபோல்டர் உள்ளே "முதன்மை" என்ற கோப்பு என்று வைத்துக்கொள்வோம். பக்கம் தளத்தின் வேரில், அதாவது முதல் சாய்கோட்டுக்கு அடுத்தே, இருந்தவரை பிரவுசர் சரியாகப் போய் எடுத்தது. இப்போது முகவரி "/கட்டுரை/மழைநீர்-சேகரிப்பு" ஆகிவிட்டதால், "கட்டுரை" என்றொரு ஃபோல்டர் இருப்பதாகப் பிரவுசர் நினைத்து, அதற்குள் போய் "ஸ்டைல்" ஃபோல்டரைத் தேடுகிறது. ரீரைட் நடந்ததே அதற்குத் தெரியாதே! எல்லா லிங்க்கையும் சாய்கோட்டில் தொடங்கினால் தீர்ந்துவிடும்.

404 பக்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் அதிகமாகவே. அந்தப் பக்கம் எந்த முகவரியின் கீழ் காட்டப்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வேரில் சோதித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். மூன்று சாய்கோடு தள்ளி ஒரு பொய் முகவரியைத் தட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ரூல் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.

அப்பாச்சியில் ரூல் பார்ப்பது பாதையை மட்டும்தான். கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியைத் தனி நிபந்தனை வரியில் சோதிக்க வேண்டும். அப்புறம், நீங்கள் அனுப்பும் புதிய முகவரியில் கேள்விக்குறி இருந்தால் பழைய பகுதி தூக்கியெறியப்படும். இரண்டும் சேர்ந்து போக வேண்டுமானால் ரூலின் முடிவில் க்யூஎஸ்ஏ என்ற கொடியை, அதாவது கூடுதல் கட்டளைக் குறியை, சேருங்கள்.

ரீடைரக்ட் முடிவில்லாமல் சுற்றுகிறது என்று பிரவுசர் சொல்கிறது.

குரோமும் ஃபயர்பாக்ஸும் இருபது முறை வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடும். காரணம் பெரும்பாலும் இரண்டு ரூல்கள் ஒன்றையொன்று மறுப்பதுதான். ஒன்று கடைசிச் சாய்கோட்டைச் சேர்க்கும், இன்னொன்று நீக்கும்.

இன்னொரு வகை, கண்ணுக்குத் தெரியாது. உங்கள் சர்வருக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி அல்லது சிடிஎன், அதாவது கோரிக்கையை வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் இடைச் சர்வர், நிற்கிறது. பார்வையாளரிடம் அது எச்டிடிபிஎஸ்ஸில் பேசுகிறது, உங்கள் சர்வரிடம் வெறும் எச்டிடிபியில் பேசுகிறது. உங்கள் ரூலோ "எச்டிடிபியில் வந்தால் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பு" என்கிறது. பார்வையாளர் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்கிறார். மறுபடி வருகிறார், ப்ராக்ஸி மறுபடி எச்டிடிபியில் கேட்கிறது, ரூல் மறுபடி அனுப்புகிறது. ப்ராக்ஸி அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்ற ஹெடரை (கோரிக்கையோடு வரும் குறிப்பை) பார்த்து முடிவெடுக்கும்படி ரூலை மாற்ற வேண்டும்.

ரீரைட் சர்வருக்குள்ளேயே சுற்றினால் பிரவுசருக்குத் தெரியாது, 500 பிழைதான் வரும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே பத்துச் சுற்றுக்கு மேல் போகவிடாது. எச்டிஆக்செஸில் "எல்" கொடி போட்டால் அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அந்தச் சுற்றை மட்டும்தான் முடிக்கும். முகவரி மாறியிருந்தால் ரூல்கள் மறுபடி முதலிலிருந்து ஓடும். முழுதாக நிறுத்த அப்பாச்சி 2.4-ல் "எண்ட்" கொடி இருக்கிறது.

ரீடைரக்டுக்கான எண்கள் 301, 302, 307, 308... எதைப் போடுவது?

நிரந்தரமாக மாறிவிட்டால் 301, தற்காலிகம் என்றால் 302. ஃபார்ம் அனுப்பும் முகவரி என்றால் அதே வரிசையில் 308, 307. 301, 302 வரும்போது பிரவுசர்கள் போஸ்ட்டை (விவரம் அனுப்பும் கோரிக்கையை) கெட்டாக (வெறுமனே பக்கம் கேட்கும் கோரிக்கையாக) மாற்றிவிடுவது வழக்கம், தட்டிய விவரம் வழியிலேயே காணாமல் போகும். 308-ம் 307-ம் அதை மாற்றவிடாது. அப்பாச்சியில் ரீடைரக்டுக்கான "ஆர்" கொடியை மட்டும் போட்டு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் 302-தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

301-ஐப் பிரவுசர் மனப்பாடம் செய்துகொள்ளும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தளத்தில் ரூலில் ஒரு புள்ளி தவறிப்போய், எல்லாப் பக்கமும் தொடர்புப் பக்கத்துக்குப் போனது. இரண்டே நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் தளத்தின் உரிமையாளர் அந்த இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டார். அவருடைய பிரவுசர் சர்வரைக் கேட்காமலே அவரை மறுபடி மறுபடி தொடர்புப் பக்கத்துக்கே கொண்டு போனது. "சரியாகிவிட்டது" என்று நான் சொல்ல, "இன்னும் அப்படியேதான் இருக்கிறது" என்று அவர் சொல்ல, ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது. பிரவுசர் சேமித்துவைத்திருந்த கேஷை அழிக்கச் சொன்ன பிறகுதான் இருவரும் ஒரே தளத்தைப் பார்த்தோம். அன்றிலிருந்து எதையும் முதலில் 302-ல் போட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் 301 ஆக்குகிறேன்.

இல்லாத பக்கங்களை எல்லாம் முகப்புக்கே திருப்பிவிட்டால் என்ன? பார்வையாளர் பிழைப் பக்கத்தைப் பார்க்க மாட்டாரே.

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: முகவரியை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சர்வர் திருப்பித் தரும் எண் பொய் சொல்லக் கூடாது.

பார்வையாளர் பக்கம் இருந்து பாருங்கள். ஏதோ ஒரு படிவத்தைத் தேடி லிங்க்கை அழுத்துகிறார். முகப்புப் பக்கம் வருகிறது. தவறாக அழுத்திவிட்டோமோ என்று திரும்பிப் போய் மறுபடி அழுத்துகிறார். மறுபடி முகப்பு. "அந்தப் படிவம் இப்போது இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் வேறு வழியைத் தேடியிருப்பார்.

தேடுபொறியும் ஏமாறுவதில்லை. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது 404 என்று சொல்லாத இல்லாத பக்கம், என்றுதான் எடுத்துக்கொள்ளும். பழைய லிங்க்குகளின் மதிப்பு முகப்புக்கு வந்து சேரும் என்ற கணக்கு தேறாது.

மூன்றாவதாக ஒருவர் ஏமாறுகிறார், அது நீங்கள். உங்கள் சர்வரின் லாகில், அதாவது வருகைப் பதிவில், 404 என்ற எண்ணே இருக்காது. எந்த லிங்க் உடைந்தது, எங்கிருந்து வருகிறார்கள் என்று எதுவும் தெரியாது. மொத்தமாக முகப்புக்குத் திருப்பிய ஒரு தளத்தை ஒருமுறை என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றியதால் டவுன்லோடு லிங்க்குகள் வரிசையாக உடைந்து கிடந்தன. கண்டுபிடிக்க ஒரு தடயமும் இல்லை.

இல்லாத பக்கத்துக்குப் பதிலாக நேரடியாகப் பொருந்தும் வேறு பக்கம் இருந்தால் அங்கே 301 போடுவது வேறு விஷயம். அது பொய் இல்லை.

என் 404 பக்கம் அழகாக வருகிறது, ஆனால் சோதித்தால் 200, அதாவது "பக்கம் சரியாகக் கிடைத்தது", என்கிறது. எங்கே தவறு?

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு பொய் முகவரி ஒன்றைத் தட்டுங்கள், அல்லது டெர்மினலில் கர்ல் கட்டளையோடு பெரிய "ஐ" கொடுத்து ஹெடரை மட்டும் வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் எண் இருக்கும்.

அப்பாச்சியில் எரர்-டாக்குமெண்ட் வரியில் பிழைப் பக்கத்தின் முழு முகவரியை, அதாவது எச்டிடிபியில் தொடங்கி எழுதியிருந்தால் அதுதான் குற்றவாளி. முழு முகவரி கொடுத்தால் அப்பாச்சி அதை ரீடைரக்டாக அனுப்பும். பிரவுசருக்கு முதலில் 302, பிறகு 200 கிடைக்கும். 404 யாருக்குமே போய்ச் சேராது. சாய்கோட்டில் தொடங்கும் உள்பாதையாக மாற்றினால் முடிந்தது.

என்ஜின்எக்ஸில் எரர்-பேஜ் வரியில் 404-க்குப் பிறகு ஒரு சமக்குறி இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால், பிழைப் பக்கத்தைத் தயாரிக்கும் புரோகிராம் என்ன எண் தருகிறதோ அதுதான் வெளியே போகும். அந்தப் புரோகிராம் எதுவும் சொல்லாவிட்டால் 200. ஒரே ஒரு சமக்குறி!

மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் கஸ்டம்-எரர்ஸ் அமைப்பு இயல்பாகவே ரீடைரக்ட் செய்யும். அதை ரெஸ்பான்ஸ்-ரீரைட் என்று மாற்றிவிட்டு, பிழைப் பக்கத்துக்குள்ளும் 404 என்று நீங்களே குறிப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் இண்டெக்ஸுக்கு அனுப்பும் தளம் என்றால், மேலே சொன்ன கைமாறிய பொறுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் தேடி ஒன்றும் கிடைக்காதபோது "மன்னிக்கவும்" என்று எழுதினால் மட்டும் போதாது. எழுதத் தொடங்கும் முன்பே 404 எண்ணை அனுப்ப வேண்டும். பக்கத்தின் முதல் எழுத்து வெளியே போய்விட்டால் பிறகு எண்ணை மாற்ற முடியாது.

ரியாக்ட், வ்யூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் எழுதிய ஒற்றைப் பக்கத் தளங்களில் இது இன்னும் சங்கடம். சர்வர் எதைக் கேட்டாலும் ஒரே எச்டிஎம்எல்லைத் தரும், பக்கம் இல்லை என்பது பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் தெரியும். சர்வரிலேயே சரியான பாதைகளின் பட்டியலை வைத்துச் சோதிப்பது உத்தமம். முடியாவிட்டால் இல்லாத பக்கத்தைத் தேடுபொறி சேர்க்காமல் இருக்க நோ-இண்டெக்ஸ் குறியாவது போடுங்கள்.

404 பிழைப் பக்கத்தையே ரீரைட் எஞ்சினாகப் பயன்படுத்தும் பழைய தளம் கைக்கு வந்திருக்கிறது. இது என்ன கூத்து?

ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் ரீரைட் வசதி கூடவே வராது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் எதையும் நிறுவ விடமாட்டார்கள், ஆனால் 404 வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று மட்டும் தேர்ந்தெடுக்க விடுவார்கள். அந்தச் சந்தில் புகுந்தவர்களின் வேலை இது. இல்லாத முகவரிகளை வேண்டுமென்றே லிங்க்காகக் கொடுப்பார்கள். ஐஐஎஸ் அதை 404 பக்கத்துக்கு அனுப்பும், கூடவே "404" என்ற எண், ஓர் அரைப்புள்ளி, கேட்ட முழு முகவரி மூன்றையும் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டித் தரும். அதைப் பிரித்துப் படித்து, உரிய கட்டுரையை எடுத்து, எண்ணை 200 என்று மாற்றி அனுப்புவார்கள்.

கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மாற்ற மறந்த இடங்களில் நல்ல பக்கங்கள் 404 என்று போகும், நிஜமாகவே இல்லாத பக்கங்கள் 200 என்று போகும். இன்றைக்கு ஐஐஎஸ்ஸுக்கு யூஆர்எல் ரீரைட் மாட்யூல் இருக்கிறது. வெப் டாட் கான்ஃபிக் கோப்பில் ரூல்களை எழுதி, 404 பக்கத்தை அதன் சொந்த வேலைக்குத் திருப்பி விடுங்கள். மாற்றும்போது பழைய முகவரிகளின் வடிவத்தை மட்டும் தொடாதீர்கள்.

410 எதற்கு?

"இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம், திரும்ப வராது" என்று சொல்ல. தேடுபொறிகள் 404-ஐயும் இதையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடத்துகின்றன. உறுதியாகத் தெரிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் 404 போதும்.

நல்ல 404 பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

என்ன ஆனது என்று ஒரு தெளிவான வாக்கியம், ஒரு தேடல் பெட்டி, முக்கியமான சில பக்கங்களுக்கு லிங்க். நகைச்சுவைப் படம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவருக்கு அது எரிச்சல்தான்.

கேட்ட முகவரியைப் பக்கத்தில் அப்படியே திருப்பிக் காட்டுவதாக இருந்தால் எஸ்கேப் செய்யாமல், அதாவது அதிலுள்ள சிறப்புக் குறிகளைச் செயலிழக்கச் செய்யாமல், காட்டாதீர்கள். முகவரிக்குள் ஸ்கிரிப்டை நுழைத்து லிங்க் அனுப்பினால், அது உங்கள் தளத்தின் பெயரில் ஓடும்.

பக்கம் இலேசாகவும் இருக்க வேண்டும். ஒரு கட்டுரையில் பத்துப் படங்கள் காணாமல் போயிருந்தால், பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் பத்து 404 பக்கம் தயாராகும். அது ஒவ்வொன்றும் டேட்டாபேஸைத் தட்டி "அண்மைக் கட்டுரைகள்" பட்டியல் எடுத்தால் சர்வர் மூச்சு வாங்கும். படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நீட்சிகளுக்கு இண்டெக்ஸுக்கு அனுப்பாமல் சர்வரே வெறும் 404 தந்துவிடும்படி ஒரு ரூல் போடுங்கள். எந்த மனிதரும் அந்தப் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை.

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், பிரவுசர்கள் அழகாகவே காட்டும். ஆனால் கம்பி வழியே போவது வேறு. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துப் பதிவு முறையில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்து. ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. "மழைநீர்-சேகரிப்பு" என்பதில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் பதினாறு தமிழ்க் குறியீடுகள், ஒரு இணைப்புக்கோடு. மொத்தம் 145 எழுத்து. லிங்க்கைக் காப்பி செய்து சாட்டில் ஒட்டினால் வரும் சதவீதக் குறிக் குவியல் இதுதான்.

வேர்ட்பிரஸ் ஸ்லக்கை, அதாவது முகவரியில் தலைப்பு வரும் பகுதியை, இந்தக் குவியல் வடிவத்தில்தான் சேமிக்கிறது, அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. அப்படியானால் 22 தமிழ்க் குறியீடுகள்தான் கொள்ளும். நீளமான தலைப்பின் ஸ்லக் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது அதனால்தான். ஸ்லக்கை நீங்களே இரண்டு சொல்லில் சுருக்கி எழுதிவிடுங்கள்.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. "கொ" என்ற எழுத்தை க-வோடு ஒரே ஒரு ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், க-வோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. சர்வர் பார்ப்பது பைட்டுகளை. ஒன்றில் ஆறு, இன்னொன்றில் ஒன்பது. "கொடி" என்று முடியும் லிங்க் ஒருவருக்கு வேலை செய்கிறது, இன்னொருவர் தட்டினால் 404 என்றால் இதைப் பாருங்கள். வரும் முகவரியையும் சேமித்த ஸ்லக்கையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்கு (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் முறைக்கு) உட்படுத்தி ஒப்பிட்டால் தீரும். பிஎச்பியில் இதற்கு நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றும்போதும் இதே கோளாறு வரும், அந்த டிஸ்க் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைத்திருக்கும்.

"ஔவை" என்பதை ஔ-வில் தொடங்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுபவர்களை மட்டும் எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. அதற்குத் தனியாக ஒரு ரீடைரக்ட்தான்.

ரூல் எழுதும்போது சதவீதக் குறிகளை எழுத வேண்டியதில்லை. அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அவிழ்த்த வடிவத்தோடுதான் ஒப்பிடுகின்றன, தமிழிலேயே எழுதி யூடிஎஃப்-8-ல் சேமித்தால் போதும். ஆனால் பல ஃபிரேம்வொர்க்குகளின் தயார்நிலை ஸ்லக் வடிவங்கள் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் ஏற்கும். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் இயல்பான ஸ்லக் அப்படித்தான். அங்கே சொந்த வடிவம் எழுதிக்கொள்ள வேண்டும்.

லாகைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் 404. எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம். பெரும்பகுதி ரோபோக்கள். நீங்கள் வேர்ட்பிரஸ்ஸே வைத்திருக்காவிட்டாலும் அதன் லாகின் பக்கத்தைத் தேடி வருவார்கள். ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டு கோப்புகளைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு 404 கிடைப்பதுதான் சரி. ஃபேவ்ஐகான், ஆப்பிள் டச் ஐகான் போன்ற தளச் சின்னங்கள் பிரவுசர்கள் தாமாகக் கேட்பவை, அந்தக் கோப்புகளை வைத்துவிட்டால் சத்தம் குறையும்.

மிஞ்சியதை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் ரெஃபரர் பகுதியைப் பாருங்கள். அதில் உங்கள் தளத்தின் பெயரே இருந்தால் உடைந்த லிங்க் உங்கள் பக்கத்தில்தான், இன்றைக்கே திருத்துங்கள். வேறு தளத்தின் பெயர் இருந்தால் ரீடைரக்ட் போடுங்கள். படங்கள் மட்டும் மொத்தமாக 404 ஆனால், அதிலும் விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு அண்மையில் மாறியிருந்தால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

வேர்ட்பிரஸ்ஸில் முகப்பு மட்டும் வருகிறது, மற்ற எல்லாம் 404.

அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமியுங்கள். ரூல்கள் புதிதாக எழுதப்படும், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். மாறாக, 404 வர வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத வேறு கட்டுரை வந்தால், அது வேர்ட்பிரஸ் முகவரியின் தொடக்கத்தைப் பார்த்து ஊகித்து அனுப்பும் வேலை. 5.5 பதிப்பிலிருந்து ஒரு ஃபில்டர் வழியே அதை நிறுத்திவிடலாம். நான் நிறுத்திவிடுவேன்.

தளத்தை முழுதாக மாற்றுகிறேன், நூற்றுக்கணக்கான முகவரிகள் மாறுகின்றன. எப்படிக் கையாள்வது, ரீடைரக்டை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

மாற்றுவதற்கு முன்பே பழைய முகவரிகளின் பட்டியலை எடுத்துவிடுங்கள். சைட்மேப்பில் இருப்பவை மட்டும் போதாது. லாகில் கடந்த சில மாதங்களில் 200 வாங்கிய முகவரிகளைத் தொகுத்தால், நீங்களே மறந்துபோன பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் எட்டிப் பார்க்கும். பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி என்று விரிதாளில் போடுங்கள்.

இதை நூற்றுக்கணக்கான ரூல்களாக எச்டிஆக்செஸில் கொட்டினால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி அந்தக் கோப்பை முதலிலிருந்து படிக்கும். அப்பாச்சியில் ரீரைட்-மேப், என்ஜின்எக்ஸில் மேப் இரண்டும் இப்படிப் பட்டியலைப் பார்த்து அனுப்புவதற்காகவே இருக்கின்றன. ரீரைட்-மேப்பை அறிவிக்கும் வரி சர்வர் கான்ஃபிக்கில்தான் இருக்க முடியும், எச்டிஆக்செஸில் ஏற்காது.

ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய தளம் என்றால் சங்கிலி உருவாகிவிடும். முதல் முகவரி இரண்டாவதற்குப் போய், அது மூன்றாவதற்குப் போகும். கூகுளின் ரோபோ பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும், ஒவ்வொரு தாவலும் பார்வையாளருக்குக் காத்திருப்புதான். பழைய வரிகளைத் திருத்தி எல்லாமே நேராகக் கடைசி முகவரிக்குப் போகும்படி செய்யுங்கள்.

எவ்வளவு நாள் என்பதற்கு, குறைந்தது ஓர் ஆண்டு என்பது கூகுளின் அறிவுரை. அது தேடுபொறியின் கணக்கு. பிறர் தளத்தில் உள்ள லிங்க், பிரிண்ட் ஆகிவிட்ட க்யூஆர் கோடு, யாரோ எப்போதோ புக்மார்க் செய்தது இதெல்லாம் ஓராண்டில் மாறாது. மேப் கோப்பில் ஒரு வரி என்பது சில பைட்டுகள். டொமைன் என் கையில் இருக்கும்வரை நான் எடுப்பதில்லை.